பாசாருக்குப் போனவள்

"குடுத்திட்டியா?"

கட்டிலில் கிடந்த கைப்பேசிக்குள்ளிருந்து லோகேஸ்வரி கேட்டாள். அவள் குரலைச் சுற்றி லாரிகளின் இரைச்சல். தர்ஷிகா இடது கையால் தியாகராஜாவின் தலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கரண்டியை அவர் உதட்டருகே பிடித்திருந்தாள். முதல் கரண்டிப் பால் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்து தலையணையை நனைத்திருந்தது.

"தர்ஷிகா, கேக்குதா? நான் இன்னும் பாலத்துலதான் நிக்கிறேன். ஒரே ஜேம். மகள்னு ஒருத்தி இருந்தும் பால் குடுக்காம அனுப்பிட்டேன்னு ஆயிடக்கூடாது. எனக்காக நீ ரெண்டு சொட்டு ஊத்திரு லாஹ்."

"பருக்கிறன் அக்கா."

இரண்டாவது கரண்டி உள்ளே போனது. தொண்டையில் களக்கென்று ஒரு சத்தம். புரையேறியது போல அவர் ஒரு தரம் இருமினார். நெஞ்சு தூக்கிப் போட்டது. கண்கள் திறந்து கூரை விசிறியைப் பார்த்தன. பிறகு வெளியே போன மூச்சு திரும்பி வரவில்லை. அவள் காத்திருந்தாள். இந்த வாரம் முழுக்க இப்படித்தான் மூச்சை நிறுத்தி அவளை அலறவைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மறுபடி விட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை விடவில்லை.

"என்ன ஆச்சு? பேசு!"

"அக்கா... மாமா போட்டார்."

பினாங்குப் பாலத்தின் நடுவில், காருக்குள், லோகேஸ்வரி வாய்விட்டு அழுதாள். பின்னால் நின்ற வண்டிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். பிறகு இணைப்பு அறுந்துபோனது.

தர்ஷிகாவுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. பால் புரையேறியதால் போனாரா, போகிற நேரத்தில் பால் புரையேறியதா? கிளினிக் டாக்டர் போன வாரமே கையை விரித்துவிட்டார். இன்றோ நாளையோ என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்த இருமல் அவள் கையில்தான் நடந்தது. அவள் அவருடைய கண்களை மூடினாள். தாடையைத் துண்டால் கட்டினாள். கடைவாய்ப் பாலைத் துடைத்தாள். தலையணை உறையில் பரவியிருந்த ஈரத்தை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டாள்.

தியாகராஜா அவளுக்கு மாமா ஆன கதை வேடிக்கையானது. அவர் பிறந்தது தைப்பிங்கில், வேலை பார்த்தது பினாங்குத் துறைமுகத்தில், கணக்கெழுதும் கிராணியாக. யாழ்ப்பாணத்தை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. அவருடைய அப்பாதான் சுழிபுரத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். தர்ஷிகா இந்த வீட்டில் கால் வைத்த அன்று, படுக்கையில் கிடந்தபடியே யார் மகள், யார் பேத்தி என்று குடைந்து குடைந்து கேட்டு, அவளுடைய அம்மாவுக்குத் தான் ஒன்றுவிட்ட அண்ணன் முறை என்று கண்டுபிடித்துவிட்டார். "அப்ப நான் உனக்கு மாமா. சார் கீர்னு கூப்பிடாத" என்றார். அந்த முறை சரியா தப்பா என்று சொல்ல ஊரில் வயதானவர்கள் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. அவளுக்கும் விசாரிக்க மனமில்லை. இந்த நாட்டில் அவளை உறவு சொல்லி அழைத்த முதல் ஆள் அவர்தான்.

இலங்கையில் பெட்ரோலுக்கு மக்கள் வரிசையில் படுத்துக் கிடந்த வருஷம் அவளும் கணவன் மயூரனும் வந்தார்கள். மயூரனின் ஆட்டோ வாசலில் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றுலா பாஸில் வந்து இறங்கினார்கள், பாஸ் முடிந்தும் போகவில்லை. போய் என்ன செய்வது? மயூரனுக்குச் சூலியா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. குடிநுழைவு அதிகாரிகள் கடைக்குள் நுழைந்த அன்று பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடினவன், இப்போது கேமரன் மலையில் ஏதோ ஒரு காய்கறித் தோட்டத்தில் இருக்கிறான். மேட்டில் ஏறி நின்றால்தான் அவனுக்குப் போன் எடுக்கும்.

பாயான் பாருவில், இந்த ஒற்றை மாடி வரிசை வீட்டில், சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைதான் தர்ஷிகாவின் மலேசியா. தியாகராஜாவின் மூச்சோடு அதுவும் முடிந்துவிட்டது. வேலையும் கூரையும் ஒன்றாகப் போய்விட்டன.

வேலை தேடுகிறவர்கள் பேப்பரைப் பார்ப்பார்கள், ஏஜென்டைப் பார்ப்பார்கள். பாஸ் முடிந்தவர்கள் செத்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். நோயாளி பார்க்கிற பெண்களுக்கு அடுத்த வேலை கிடைக்கும் இடம் அதுதான். துக்கம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒரு கட்டில் ஆள் இருக்கும். பிணத்தைப் பார்த்துவிட்டு அப்படியே கண்ணை ஓட்டி, பார்த்துக்கொண்டவளையும் பார்ப்பார்கள். வீடு சுத்தமாக இருக்கிறதா? அழுகிறாளா? ரொம்பவும் அழுகிறாளா? செபராங் ஜெயாவில் இப்படி ஒரு சாவு வீட்டில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த தர்ஷிகாவைப் பார்த்துத்தான் லோகேஸ்வரி தன் அப்பாவுக்கென்று அழைத்து வந்தாள். ஆகவே இன்று சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் கண்ணில் அவள் பட்டாக வேண்டும். பட்டால்தான் இரவு படுக்க இடம்.

கைப்பேசி மறுபடி அடித்தது. லோகேஸ்வரியின் குரல் இப்போது இறுகியிருந்தது.

"நான் சொல்றத கேளு. வீட்டுல செத்தா போலீஸ்ல சொல்லணும். அவங்க வந்து பாடியப் பாத்து பர்மிட் குடுத்தாத்தான் எரிக்க முடியும். என் பையன் ஹரீஷ ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேன். அவங்க வர்றப்ப நீ அங்க இருக்கக்கூடாது."

"மாமாவைத் தனிய விட்டிட்டுப் போறதோ அக்கா?"

எதிர்ப்பக்கம் கியர் மாற்றும் சத்தம் கேட்டது.

"நான் வர்ற வரைக்கும் இரு. நான் வந்ததும் பின்பக்கமா போயிரு."

ஆனால் லோகேஸ்வரி காரை நிறுத்தி வாசற்படி ஏறிய நொடியிலேயே போலீஸ் மோட்டார் சைக்கிள்களும் தெருவுக்குள் திரும்பி வந்து நின்றன. ஸ்டேஷன் அந்தப் பக்கத்துச் சாலையில்தான். அவர்களுக்குப் பாலமும் இல்லை, ஜேமும் இல்லை. ஜன்னல் வழியாக ஹெல்மெட்டைக் கண்டதும் தர்ஷிகா குனிந்துகொண்டாள். தன் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, துணி துவைக்கும் இடத்துக்குப் போய், பின்கதவின் இரும்புக் கம்பியில் கையை வைத்தாள். பூட்டியிருந்தது. தியாகராஜாவுக்குக் கால் நடமாட்டம் இருந்த காலத்தில் ஒரு நாள் பின்சந்துக்குள் இறங்கிப் போய்விட்டாராம். அன்றிலிருந்து அந்தச் சாவியை முன்கூடத்து ஆணியில் மாட்டும் வழக்கம். இப்போதும் அங்கேதான் தொங்கும், போலீஸ்காரர்களின் தலைக்கு மேல்.

அவள் துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் குந்தினாள். பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். சமையலறைக் கதவைச் சாத்தத் தோன்றவில்லை. இப்போது போய்ச் சாத்தினால் சத்தம் கேட்கும்.

முன்னால் லோகேஸ்வரி "அப்பா" என்று கத்தியது கேட்டது. அந்த அழுகை அடங்கும்வரை போலீஸ்காரர்கள் பேசவில்லை. பிறகு ஒருவர் மலாயில், மரியாதையாகத்தான், கேள்வி கேட்கத் தொடங்கினார். ஹஸ்ருல் என்று பெயர் சொன்னார். அடையாள அட்டை, டாக்டர் கொடுத்த சீட்டு, என்ன நோய், எத்தனை நாளாகப் படுக்கை. இங்கே வந்ததிலிருந்து காதில் ஏறிய மலாய் தர்ஷிகாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"தலையணை ஈரமாக இருக்கிறதே?"

"பால். சாகும்போது வாயில் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம்."

"யார் கொடுத்தது?"

தர்ஷிகா பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சாயா" என்றாள் லோகேஸ்வரி. நான்தான் என்று.

"கொடுக்கும்போது இருமினாரா? அடைத்ததா?"

"இல்லை. நன்றாகக் குடித்தார். குடித்துவிட்டுத்தான் போனார்."

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். கூடவே அந்தத் தெருவுக்கே தெரிந்த ஒரு குரல். ஆயர் ஈத்தாமிலிருந்து யோகம்மா வந்துவிட்டாள். கோயிலில் லோகேஸ்வரிக்குப் பழக்கமானவள், நல்ல மனசுக்காரி, வாய்க்கு மட்டும் கதவு கிடையாது.

"ஐயோ லோகா! அப்பா போயிட்டாரா! இப்பதான் மெசேஜ் பாத்தேன்... எங்க அந்தப் பிள்ள? சிலோன் பிள்ள, தர்ஷிகா? அதுதானே ராவும் பகலும் பாத்துக்கிச்சு? எங்க அது?"

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அந்த வீட்டில் அத்தனை பெரிதாக எப்போதும் கேட்டதில்லை.

"யார் அது?" என்று ஹஸ்ருல் கேட்டார்.

"சமைக்க உதவிக்கு வருகிறவள்" என்றாள் லோகேஸ்வரி மலாயில். உடனே யோகம்மாவிடம் தமிழுக்குத் தாவினாள்: "அவ காலையிலேயே பாசாருக்குப் போயிட்டா ஆன்டி. அப்பா போறப்ப அவ இல்ல. நான் மட்டும்தான் இருந்தேன்."

சந்தையைக் குறிக்கும் பாசார் மலாய்ச் சொல்தான், மொழிபெயர்ப்பு தேவையில்லை. போலீஸ்காரருக்கும் புரிந்திருக்கும்.

"பாசாருக்கா? இந்த நேரத்துலயா?" யோகம்மாவின் குரல் இறங்கியது. "ஹ்ம்."

அந்த ஹ்ம் தர்ஷிகாவுக்குச் சுருக்கென்று தைத்தது. உயிரே கையில் இல்லாத நேரத்தில் ஒரு ஹ்ம்முக்கு வலிக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தண்ணீர் சுட வைப்பதாகச் சொல்லிவிட்டு லோகேஸ்வரி உள்ளே வந்தாள். கெட்டில் சுவிட்சைத் தட்டிவிட்டு, அதன் இரைச்சலுக்குள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கையில் சாவி.

"பின்னால போய் சுத்திக்கிட்டு முன்னால வா. கையில பாசார் பையோட வா. இப்ப உடனே வராத, அவங்க போகட்டும்."

"அக்கா, எனக்குக் கால் நடுங்குது."

"எனக்கும்தான்" என்றாள் லோகேஸ்வரி.

தர்ஷிகா ஃபிரிட்ஜைத் திறந்தாள். முந்தாநாள் வாங்கிய கீரைக்கட்டும் கொஞ்சம் தக்காளியும் கிடந்தன. அவற்றை ஒரு நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு பின்சந்துக்குள் இறங்கினாள். எதிர் வீட்டுப் பின்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சீனப் பெண்மணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தர்ஷிகா சிரிக்க முயன்றாள், வரவில்லை.

சந்து முடிகிற இடத்தில் பெரிய சாலை. தொழிற்சாலை பஸ் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பினால் பஸ் நிறுத்தம். அந்தப் பக்கம் திரும்பினால் வீட்டு வாசல். ஓடிவிடலாம் என்று தோன்றியது. எங்கே ஓடுவது? கேமரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் அட்டை கேட்பார்கள். அதைவிட, போய்விட்டால் ஓடினவள் என்றுதான் பேச்சு நிற்கும். ஓடினவளுக்கு எந்தச் செத்த வீட்டிலும் வேலை இல்லை. அப்புறம் மாமா. அவரைக் குளிப்பாட்டும்போது இடது தோளைப் பிடித்துத் தூக்கக்கூடாது, வலிக்கும் என்று யாருக்கும் தெரியாது. இனி வலிக்காது என்பது அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கொஞ்ச நேரம் சாலையோரம் நின்றுவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

போலீஸ்காரர்கள் இன்னும் போயிருக்கவில்லை. ஒருவர் வண்டியில் ஏறிவிட்டார். ஹஸ்ருல் கேட்டருகே நின்று ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தார். இளவயதுக்காரர். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பி நடக்க முடியாத தூரத்துக்கு அவள் வந்துவிட்டிருந்தாள்.

"பாசாரிலிருந்தா?"

"யா."

அவர் வாரை விட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார். இனி அட்டையைக் கேட்பார் என்று தர்ஷிகா நினைத்தாள். இத்தனை நாள் கனவில் வந்து கேட்டதெல்லாம் இப்படி ஒரு முகம்தான்.

"அக்கா, மன்னிக்கணும்" என்றார் மலாயில், மெதுவாக. "உள்ளே அங்கிள் தவறிவிட்டார்."

பை கையிலிருந்து விழுந்தது. அவள் விட்டதல்ல, தானாக விழுந்தது. தெரிந்த செய்திதான்; கண்ணை மூடி, தாடையைக் கட்டி, பாலைத் துடைத்தவள் அவளேதான். இருந்தும் இன்னொருவர் வாயால், அதுவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒருவர் சொன்னபோதுதான் மாமா செத்துப்போனார். கேட்டைப் பிடித்துக்கொண்டு "ஐயோ மாமா, என்ர மாமா" என்று அவள் அலறிய அலறலில் யோகம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நடித்தாக வேண்டுமே என்று வழியெல்லாம் பயந்து வந்தவளுக்கு நடிக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஹஸ்ருல் குனிந்து, கால்வாய்ப் பக்கம் உருண்ட தக்காளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டு யோகம்மாவிடம் கொடுத்தார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

யோகம்மா பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இந்த வாடிப்போன கீரைய வாங்கவா அந்த மனுசன தனியா விட்டுட்டுப் போன?"

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. தர்ஷிகா காப்பி ஊற்றினாள், நாற்காலி எடுத்துப் போட்டாள், அழுகிறவர்களுக்கு டிஷ்யூ நீட்டினாள். ஒவ்வொரு முறை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதும் அவள் கை தட்டோடு நின்றது. சொந்தக்காரர் வண்டிதான் என்று தெரிந்ததும் மறுபடி அசைந்தது.

ஆண்கள் உள்ளறையில் உடம்பைக் குளிப்பாட்டினார்கள். முடித்து வெளியே வந்த ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே மனைவியிடம் சொன்னார்: "இவ்ளோ நாள் படுக்கையில கெடந்தவரு. முதுகுல ஒரு புண்ணு இல்ல." அந்தச் செய்தி பெண்கள் பக்கம் சரசரவென்று பரவியது. தலைகள் தர்ஷிகாவை நோக்கித் திரும்பின. இதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே சான்றிதழ். மாமாவைப் புரட்டிப் போட்டு, பவுடர் தடவி, மறுபடி புரட்டிக் காப்பாற்றிய முதுகு. பார்த்தவர்களுக்குள் ஒருத்தி நிச்சயம் கூப்பிடுவாள்.

ஆனால் தலைகள் திரும்பிய வேகத்திலேயே யோகம்மா பக்கத்தில் இருந்தவளின் காதில் எதையோ சொன்னாள். பாசார் என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. அதுவும் பரவியது.

லோகேஸ்வரி அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கடைசி நேரத்தைச் சொன்னாள். முதலில் பால் கொடுத்தேன் என்றுதான் சொன்னாள். பிறகு வந்தவர்களிடம், குடித்துவிட்டு என்னைப் பார்த்தார் என்றாள். அதற்கும் பிறகு, என் கையை இறுக்கினார் என்றாள். சொல்லும்போதெல்லாம் புதிதாக அழுதாள். தர்ஷிகாவுக்குக் கோபம் வரவில்லை. பாலத்தில் மாட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தை அவள் எங்கேதான் கொண்டுபோய்ப் போடுவாள்? ஒரே ஒரு கவலைதான் தர்ஷிகாவை அரித்தது. இத்தனை தரம் நன்றாகக் குடித்தார் என்று சொல்வது யாருக்காக? அந்தக் கேள்வியை அவள் மேலே யோசிக்கத் துணியவில்லை.

வெயில் இறங்கும் முன்பே சவ வண்டி வந்தது. ஹரீஷ் தாத்தாவுக்குக் கொள்ளி வைக்கப் பத்து லஞ்சாங் சுடுகாட்டுக்குப் போனான். ஆண்கள் எல்லோரும் போனார்கள். பெண்கள் வாசலோடு நின்று அழுதுவிட்டு, வீட்டைக் கழுவித் துடைக்க உள்ளே வந்தார்கள். வேலை கைமாறும் நேரம் அதுதான்.

தர்ஷிகா சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். யோகம்மா வந்து மேசையில் சாய்ந்து நின்றாள். லோகேஸ்வரி கதவருகே வாளியோடு குனிந்திருந்தாள்.

"பிள்ள, எங்க வீட்டுல அவரு ஸ்ட்ரோக்ல படுத்துட்டாரு. உனக்குத் தெரியுமில்ல? நான் கடைய பாக்கணும். ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்."

"தெரியும் அன்ரி."

"முதுகு விஷயம் கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனா எனக்கு ஒரே பயம். நான் கடையில இருக்கிறப்ப அவரு தனியா போயிடுவாரோன்னு. யாராச்சும் பக்கத்துல இருக்கணும். அதுக்குத்தான் ஆளே." குரலைத் தாழ்த்தினாள். "மறைக்காம சொல்லு. தியாகராஜா அண்ணன் போறப்ப நீ உண்மையிலேயே இல்லியா?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தேன் என்று சொன்னால் இந்த இரவுக்கு இடம் கிடைக்கும். இருந்தேன் என்று சொன்னால், நாளைக்குக் கோயிலில், மறுநாள் கடையில், அப்புறம் எங்கெல்லாமோ அந்தச் சொல் நடக்கும். போலீஸ் தாளில் லோகேஸ்வரியின் கையெழுத்து இருக்கிறது. தர்ஷிகா கதவுப் பக்கம் பார்த்தாள். லோகேஸ்வரி நிமிரவில்லை. வாளிக்குள் கையை விட்டபடி அசையாமல் இருந்தாள்.

"இல்லை அன்ரி. நான் பாசாருக்குப் போட்டன். அக்காதான் நிண்டவ."

யோகம்மா பெருமூச்சு விட்டாள். "நல்ல பிள்ளன்னு நெனச்சேன்" என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பக்கூடிய வீடு அதுதான் என்பதால் சொல்லாமலே கிளம்பினாள்.

தர்ஷிகா கடைசிக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்தாள். வேறு எவரும் அவளைக் கேட்க வரவில்லை. கழுவிய கோப்பைகளையே எடுத்து இன்னொரு தரம் கழுவத் தொடங்கினாள்.

பிறகு திரும்பிப் பார்த்தபோது கதவருகே வாளி மட்டும் இருந்தது. ஜன்னல் வழியே கேட் தெரிந்தது. லோகேஸ்வரி செருப்புகூடப் போடாமல் யோகம்மாவின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். யோகம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் வீட்டைப் பார்த்தார்கள். தர்ஷிகா ஜன்னலைவிட்டு விலகினாள்.

லோகேஸ்வரி உள்ளே வந்தாள்.

"உன் சாமான எடுத்துக்க. வெளிய நிக்கிறாங்க."

"என்ன அக்கா சொன்னீங்கள்?"

"நெசத்த சொன்னேன். வாய தொறக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்காங்க."

யோகம்மாவின் வாயில் அந்த ரகசியம் எத்தனை நாள் தங்கும் என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. தர்ஷிகா துவைக்கும் இயந்திரத்தின் பின்னாலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். லோகேஸ்வரி வழியை விட்டு நகரவில்லை.

"தர்ஷிகா."

"சொல்லுங்கோ அக்கா."

"போன்ல ஒரு சத்தம் கேட்டிச்சு. நீ பால் குடுக்கிறப்ப." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "காலையிலேருந்து எனக்கு அதுதான் காதுல. நான்தானே குடுக்கச் சொன்னேன்? நான் சொல்லாம இருந்திருந்தா... அப்பா இருமினாரா?"

தர்ஷிகாவின் உள்ளங்கையில் அந்த உதறல் இன்னும் இருந்தது. நெஞ்சு தூக்கிப் போட்டது, கண்கள் திறந்தது, எல்லாமே இருந்தது.

"இல்லை அக்கா. அது நான். எனக்கு அழுகை முட்டி விக்கினது." பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "மாமா வடிவாக் குடிச்சவர்."

லோகேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, ஒதுங்கி வழிவிட்டாள்.

காரில் முன்சீட்டுக் கதவைத் திறக்கப்போனவளை யோகம்மா தடுத்தாள்.

"பின்னால ஏறு. ஆயர் ஈத்தாம் முனையில ரோட்பிளாக் போட்டிருக்கான். வர்றப்ப பாத்தேன். கீழ படுத்துக்க."

தர்ஷிகா பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தாள். யோகம்மா வண்டியில் வைத்திருந்த ஒரு சாரோங்கை விரித்துத் தலையிலிருந்து போர்த்தினாள். கார் நகர்ந்தது. ஓட்டிக்கொண்டே யோகம்மா தன் கணவருக்கு எந்தப் பக்கம் விளங்காது, எந்த நேரத்துக்கு மாத்திரை, எதைச் செய்தால் கோபம் வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தர்ஷிகா துணிக்குள்ளிருந்து "சரி அன்ரி, சரி அன்ரி" என்றாள்.

ஓரிடத்தில் வண்டி மெதுவானது. யோகம்மாவின் பேச்சு பாதியில் நின்றது. கண்ணாடி இறங்கும் ஓசையும், வெளியே பூட்ஸ் கால்கள் நெருங்கும் ஓசையும் கேட்டன.

செத்த வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று யோகம்மா மலாயில் சொன்னாள். நான் மட்டும்தான் என்றாள்.

துணிக்குள் தர்ஷிகா கால் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.